மக்கள் பூங்காவின் மறைவு: சென்னையின் பொதுவெளி வரலாறும் நகர வடிவமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

நகரங்களில் பொதுவெளிகள் அருகிப் போவதற்குத் தனியார் ஆக்கிரமிப்பே முதற்காரணம் என்ற கருத்து பரவலாக நிலவுகிறது. சென்னையில் 1859ஆம் ஆண்டில் திட்டமிடப்பட்ட மக்கள் பூங்காவின் வரலாறு இக்கருத்தை மறுஆய்வு செய்யத் தூண்டுகிறது. ஏறத்தாழ 116 ஏக்கர் பரப்பில் அமைந்த அப்பூங்கா, மண்டபம், அங்காடி, மாநகராட்சி மாளிகை, விளையாட்டரங்கம் முதலிய பொதுநோக்கக் கட்டடங்களுக்கு இடந்தந்தே ஒரு நூற்றாண்டுக்குள் பெரும்பகுதி மறைந்தது. இம்மறைவின் காரணங்களை ஆராய்ந்து, பேட்ரிக் கெட்டிசின் நகர ஆய்வு முறை, தியாகராய நகரின் உருவாக்கம், 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, பொதுவெளி வடிவமைப்புக்கு உதவும் வரையறைகளை முன்வைக்க இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பொதுவெளி, மன்றம், புறம்போக்கு, மக்கள் பூங்கா, பேட்ரிக் கெட்டிஸ், தியாகராய நகர், நகரமைப்பு.

முன்னுரை

'பொதுவெளி' என்னும் சொல் இன்றைய தமிழாய்வில் இரு பொருளில் வழங்குகிறது. கருத்துப் பரிமாற்றம் நிகழும் சமூகத் தளத்தை ஒரு சாரார் அச்சொல்லால் குறிப்பர். பூங்கா, தெரு, கடற்கரை, குளக்கரை, திடல் போன்று எவரும் அனுமதி கேளாமல் சென்று தங்கத்தக்க நிலப்பரப்பை மற்றொரு சாரார் குறிப்பர். இக்கட்டுரை இரண்டாம் பொருளையே கொள்கிறது. எனினும் இவ்விரு பொருளுக்கும் தொடர்பு உண்டு. கூடுவதற்கு நிலம் இல்லாத இடத்தில் கூடிப் பேசும் மரபும் நலிவடையும்.

தமிழக நகர வரலாறு குறித்த ஆய்வுகள் கோயில் நகரங்கள், துறைமுகப் பட்டினங்கள், குடியேற்றக் காலக் கட்டடக்கலை ஆகியவற்றில் மிகுதியும் கவனம் செலுத்தியுள்ளன. கட்டப்பட்டவற்றின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்குக் கட்டப்படாமல் விடப்பட்ட இடங்களின் வரலாறு எழுதப்படவில்லை. ஒரு கட்டடத்துக்கு அடிக்கல் உண்டு; திறப்பு விழா உண்டு; கட்டியவர் பெயர் உண்டு. வெற்றிடமாக நின்று மக்களுக்குப் பயன்பட்ட நிலத்துக்கு இவை எவையும் இல்லை. ஆதலின், அத்தகைய நிலம் மறையும்போது அதன் இழப்பும் பதிவாவதில்லை. மக்கள் பூங்கா இதற்குத் தக்க சான்றாகும்.

1. மன்றம் முதல் புறம்போக்கு வரை

தமிழில் பொது இடங்களைக் குறிக்கும் சொற்கள் பழமையும் பன்மையும் வாய்ந்தவை. சங்க இலக்கியத்தில் 'மன்றம்' ஊரின் நடுவே மரநிழலில் மக்கள் கூடும் இடமாகவும், 'பொதியில்' ஊர்ப்பொது இல்லமாகவும் சுட்டப்படுகின்றன. மதுரைக்காஞ்சி பகற்கடையை நாளங்காடி என்றும் இரவுக்கடையை அல்லங்காடி என்றும் வேறுபடுத்துகிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடைப்பட்ட சோலையில் நாளங்காடி அமைந்திருந்தமை கூறப்படுகிறது. அதே காதையில் வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் மன்றம், பூதசதுக்கம், பாவை மன்றம் என ஐவகை மன்றங்கள் இடம்பெறுகின்றன.

இவற்றை அக்கால நகரின் நேரடிப் பதிவாகக் கொள்வது பொருந்தாது. காப்பியக் கற்பனையும் அவற்றில் உண்டு. ஆயினும் இரு பகுதிகளுக்கு இடையிலான நிலத்தை வணிகமும் சந்திப்பும் நிகழும் இடமாகக் கருதும் மனப்பாங்கு அவற்றில் வெளிப்படுகிறது. பிற்காலத்தில் வழக்கூன்றிய சாவடி, ஊருணி, திடல், பொட்டல், மந்தை ஆகிய சொற்களும் பயன்பாட்டால் பெயர்பெற்ற பொது இடங்களையே குறித்தன. சென்னையின் மந்தைவெளி, மதுரையின் தமுக்கம் ஆகிய பெயர்களில் அவ்வகைத் திறந்த நிலங்களின் நினைவு இன்றும் எஞ்சியுள்ளது.

நிலவரி நிருவாகம் விரிவடைந்தபோது இச்சொற்களுக்கு மேலாக 'புறம்போக்கு' என்னும் ஒரே வகைப்பாடு நிலைபெற்றது. வரிவிதிப்புக்குப் புறம்பான நிலம் என்பதே அதன் பொருள். மேய்க்கால், குளம், வண்டிப்பாதை, சுடுகாடு, களம் ஆகிய யாவும் அவ்வகைப்பாட்டினுள் அடங்கின. வருவாய் தராதது என்ற எதிர்மறை அடையாளம், ஊர் மக்கள் அந்நிலத்தில் பெற்ற பயன்களைப் பின்னுக்குத் தள்ளியது. இன்றைய பேச்சு வழக்கில் அச்சொல் வசையாகவும் மாறியிருப்பது கருதத்தக்கது. கட்டப்படாத நிலம் பயனற்ற நிலம் என்னும் கண்ணோட்டம் நகர நிருவாகத்திலும் புகுந்தது என்பதை மக்கள் பூங்காவின் வரலாறு உணர்த்துகிறது.

2. மக்கள் பூங்காவின் தோற்றம்

1859ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநராகப் பொறுப்பேற்ற சர் சார்லஸ் டிரெவெலியன் மக்கள் பூங்காவுக்கு வித்திட்டார். அவருடைய பதவிக்காலம் குறுகியது. புதிய வரித்திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தமைக்காக 1860ஆம் ஆண்டிலேயே அவர் திருப்பி அழைக்கப்பட்டார். எனினும் அவர் தொடங்கிவைத்த பூங்கா நிலைபெற்றது. இன்றைய சென்ட்ரல் இரயில் நிலையத்தை அடுத்துப் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் வடபுறமாக அது விரிந்திருந்தது. குளங்கள், நடைபாதைகள், மரச்சாலைகள், இசைமேடை ஆகியவை அதில் அமைக்கப்பட்டன.

எட்வர்டு பால்ஃபர் 1855ஆம் ஆண்டில் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக்காட்சிச்சாலை, 1860களில் இப்பூங்காவுக்கு மாற்றப்பட்டது. 1985ஆம் ஆண்டில் வண்டலூருக்கு இடம்பெயரும்வரை அது நகரின் நடுவிலேயே இருந்தது. ஆண்டிறுதியில் இப்பூங்காவில் நிகழ்ந்த கண்காட்சிச் சந்தை பெருங்கூட்டத்தை ஈர்த்தது. 1886ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று அச்சந்தையில் மூண்ட தீயில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். எவ்வளவு பெரிய கூட்டம் அங்குத் திரண்டது என்பதற்கும், கூட்டத்தை ஏற்கும் இடத்தில் வெளியேறும் வழி எத்துணை இன்றியமையாதது என்பதற்கும் அத்துயர நிகழ்வு சான்றாகிறது.

பூங்காவின் பெயர் சிந்தனைக்குரியது. ஆளுநர்களின் பெயராலும் அரச குடும்பத்தினர் பெயராலும் இடங்கள் பெயரிடப்பட்ட காலத்தில் 'மக்கள்' என்ற சொல் ஒரு பூங்காவுக்கு இடப்பட்டது. அப்பூங்காவை ஒட்டிய நகரப்பகுதி 'பார்க் டவுன்' எனப் பெயர் பெற்றது. பூங்காவின் பெரும்பகுதி மறைந்த பின்னும் 'பார்க்' என்னும் இரயில் நிலையப் பெயரில் அது வழங்கி வருகிறது.

3. பொதுநோக்கக் கட்டடங்களும் பூங்காவின் சுருக்கமும்

மக்கள் பூங்கா ஒரே ஆணையால் அழிக்கப்படவில்லை. பல பத்தாண்டுகளில், ஒவ்வொரு முறையும் நியாயமான ஒரு தேவையை முன்னிட்டுச் சிறிது சிறிதாக அது சுருங்கியது.

முதலாவதாக, நகரத்துக்குப் பொது மண்டபம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பூங்கா நிலத்தில் ஏறத்தாழ 3 ஏக்கர் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தரப்பட்டது. இராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோல்ம் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டியார் கட்டிய விக்டோரியா பொது மண்டபம் 1880களின் இறுதியில் எழுந்தது. 1897ஆம் ஆண்டில் விவேகானந்தர் அங்கு உரையாற்றினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கு நாடகங்களை மேடையேற்றியது. தமிழ் நாடக வரலாற்றில் அம்மண்டபத்துக்குள்ள இடம் மறுக்கவியலாதது.

இரண்டாவதாக, பிராட்வேயில் இருந்த பழைய பாப்பம் அங்காடிக்கு மாற்றாகப் புதிய அங்காடி தேவைப்பட்டது. மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்ட, 1900ஆம் ஆண்டில் மூர் அங்காடி திறக்கப்பட்டது. பழைய புத்தகக் கடைகளால் பல தலைமுறை மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பயன்பட்ட அவ்வங்காடி 1985ஆம் ஆண்டு மே மாதத்தில் தீக்கிரையாயிற்று. அந்நிலம் பின்னர் இரயில்வே முனையமாயிற்று. வணிகர்களுக்கென எழுப்பப்பட்ட வளாகம் 'அல்லிக்குளம்' என்னும் பெயரைத் தாங்கியுள்ளது. பூங்காவில் இருந்த ஒரு குளத்தின் பெயர் வணிக வளாகத்தின் பெயராக எஞ்சியது.

மூன்றாவதாக, மாநகராட்சிக்குத் தலைமையகம் தேவைப்பட்டது. 1909ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டு 1913ஆம் ஆண்டில் ரிப்பன் மாளிகை நிறைவுற்றது. 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் வாயிலாக உள்ளாட்சிக்கு வழிவகுத்த ரிப்பன் பிரபுவின் பெயரை அது தாங்கியது. மக்கள் தன்னாட்சியின் சின்னமாக விளங்கிய மாளிகை, மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பூங்கா நிலத்தில் எழுந்தமை இவ்வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

நான்காவதாக, விளையாட்டுக்கு அரங்கம் தேவைப்பட்டது. மாநகராட்சி விளையாட்டரங்கில் 1956 முதல் 1965 வரை டெஸ்ட் கிரிக்கெட் போட்டிகள் நடைபெற்றன. அவ்விடத்திலேயே 1993ஆம் ஆண்டில் இன்றைய ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் எழுந்தது. 'மை லேடீஸ் பூங்கா' என்னும் சிறு பகுதி மட்டும் பசுமை நிலமாக எஞ்சியது.

இந்நான்கு கட்டங்களிலும் பயன்பெற்றோர் பொதுமக்களே. எதையும் ஊழல் என்றோ பேராசை என்றோ ஒதுக்கிவிட முடியாது. பொதுநோக்கமும் பொதுவெளியும் ஒன்றே என்ற மயக்கத்தில்தான் சிக்கல் உள்ளது. மண்டபத்தில் நுழைய நிகழ்ச்சி வேண்டும். அங்காடியில் தங்க வாங்கும் எண்ணம் வேண்டும். அலுவலகத்துக்குச் செல்ல அலுவல் வேண்டும். அரங்கத்தில் அமர நுழைவுச்சீட்டு வேண்டும். காரணம் எதுவுமின்றி ஒருவர் சென்று அமரக்கூடிய உரிமை பூங்காவில் மட்டுமே இருந்தது. நான்கு பொதுப்பயன்கள் பெருகியபோது இழக்கப்பட்டது அவ்வுரிமையே.

மேலும், ஒவ்வொரு ஒதுக்கீடும் அடுத்த ஒதுக்கீட்டை எளிதாக்கியது. பூங்காவின் ஒரு மூலையில் கட்டடம் எழுந்தபின் எஞ்சிய நிலம் 'மீதமுள்ள நிலம்' ஆயிற்று. தனித்தனியே நோக்குமிடத்து எந்த ஒதுக்கீடும் பூங்காவை அழிக்கவில்லை. அனைத்தும் சேர்ந்தபோது பூங்கா இல்லாமற் போயிற்று. மொத்த இழப்பைக் கணக்கிடும் பொறுப்பு எந்த ஒரு முடிவிலும் இடம்பெறவில்லை.

4. யாருடைய பொது?

பழைய பொது இடங்களைப் புகழும்போது அவை அனைவருக்கும் உரியனவாக இருந்தனவா என்ற வினாவைத் தவிர்க்க இயலாது. ஊர்ப்பொது எனப்பட்ட கிணறு, குளம், தெரு, சாவடி ஆகியவற்றில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நுழைவு மறுக்கப்பட்டது. 1924-25ஆம் ஆண்டுகளின் வைக்கம் போராட்டம் கோயிலைச் சூழ்ந்த சாலைகளில் நடக்கும் உரிமைக்காகவே நிகழ்ந்தது. பெரியார் அதில் பங்கேற்றுச் சிறை சென்றார்.

அதே 1924ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம், மக்கள் கூடும் இடம் ஆகியவற்றில் எல்லா வகுப்பினருக்கும் உரிமை உண்டு என்பதை அத்தீர்மானம் வலியுறுத்தியது. பின்னர் இந்திய அரசமைப்பின் 15ஆம் உறுப்பு, அரசு நிதியால் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்களின் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடம் ஆகியவற்றில் சாதி, சமயம், பால் முதலியவற்றின் அடிப்படையில் தடை விதிப்பதை விலக்கியது. பொதுவெளி இயற்கையாக அமைந்ததன்று. போராட்டத்தாலும் சட்டத்தாலும் உருவாக்கப்பட்டது என்பது இதனால் புலப்படும்.

இவ்வகையில் நவீன நகரத்தின் பூங்காவும் கடற்கரையும் தனிச்சிறப்புடையவை. ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தில், 1880களில், அமைக்கப்பட்ட மெரினா உலாச்சாலை உயர்குடியினரின் மாலை உலாவுக்காகவே முதலில் திட்டமிடப்பட்டது. ஆனால் கடற்கரை விரைவில் அரசியல் மேடையாயிற்று. 1923ஆம் ஆண்டு மே முதல் நாளில் சிங்காரவேலர் உயர் நீதிமன்றத்துக்கு எதிரேயும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் தொழிலாளர் நாளைக் கொண்டாடினார். 1949ஆம் ஆண்டு செப்டம்பரில் இராயபுரம் இராபின்சன் பூங்காவில் நிகழ்ந்த பொதுக்கூட்டத்தோடு திராவிட முன்னேற்றக் கழகத்தின் பொதுவாழ்வு தொடங்கியது. 2017ஆம் ஆண்டு சனவரியில் சல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரண்டதும் மெரினாவிலேயே. திட்டமிட்டோர் எண்ணாத பயன்களை மக்கள் உருவாக்கிக்கொள்ளும் இடமே வலுவான பொதுவெளி எனலாம்.

5. கெட்டிசின் மாற்றுப் பார்வை

பூங்கா நிலம் கட்டடங்களுக்கு ஒதுக்கப்பட்டு வந்த காலத்திலேயே வேறொரு பார்வையும் சென்னைக்கு வந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளரும் நகர ஆய்வாளருமான பேட்ரிக் கெட்டிஸ் 1914ஆம் ஆண்டின் இறுதியில் ஆளுநர் பென்ட்லண்டின் அழைப்பை ஏற்று இந்தியா வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த 'கிளான் கிராண்ட்' கப்பலை, சென்னைமீது குண்டு வீசிய அதே எம்டன் மூழ்கடித்தது. இங்கிலாந்திலிருந்து புதிதாகத் திரட்டி அனுப்பப்பட்ட பொருள்களைக் கொண்டு 1915ஆம் ஆண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் இல்லத்தில் கண்காட்சி நடைபெற்றது. அதன்பின் தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட மாகாண நகரங்களை அவர் நடந்து ஆராய்ந்து அறிக்கைகள் அளித்தார்.

அக்கால நகராட்சிகள் நெரிசலுக்குக் கண்ட தீர்வு ஒன்றே. பழைய தெருக்களை ஊடறுத்து நேரான அகன்ற சாலைகளை அமைப்பது அது. இம்முறையில் பல வீடுகள் இடிக்கப்படும், ஏழைகள் வேறிடத்தில் மேலும் நெருங்கி வாழ நேரும், செலவும் மிகும். கெட்டிஸ் இதனைக் கண்டித்தார். முதலில் நோயறிதல், பின்னர் சிகிச்சை என்பது அவர் நெறி. பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, அவ்விடங்களைச் சிறு திறந்த வெளிகளாக்கி, மரம் நட்டு, இருக்கும் சந்துகளை இணைத்துச் சீர்செய்தால் போதும் என்றார். இதனைப் 'பேணும் அறுவை' என்று தமிழில் வழங்கலாம்.

தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு அவர் அளித்த பரிந்துரை இம்முறையின் தெளிவான எடுத்துக்காட்டு. நகராட்சி கருதிய புதிய தெருக்களுக்கு மாறாக, ஏற்கெனவே இருந்த சந்துகளையும் வெற்றிடங்களையும் பயன்படுத்தியே காற்றோட்டமும் போக்குவரத்தும் பெறலாம் என அவர் காட்டினார். வெற்றிடத்தை எஞ்சிய நிலமாகக் கருதாமல், நகரம் மூச்சுவிடும் உறுப்பாகக் கொண்டமையே அவருடைய பங்களிப்பு. மக்கள் பூங்காவைச் சுருக்கிய மனப்பாங்குக்கு நேர்மாறானது இது.

கெட்டிசின் சமகாலத்தவரான எச். வி. லான்செஸ்டர் எழுதிய 'சென்னையில் நகரமைப்பு' என்னும் நூல் 1918ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1920ஆம் ஆண்டில் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இவற்றின் விளைவாகப் பூங்கா என்பது ஆளுநரின் கொடை என்ற நிலை மாறியது. நகரத் திட்டத்தின் உள்ளுறுப்பு என்ற நிலையை அது எய்தத் தொடங்கியது.

6. தியாகராய நகர்: திட்டமிடலின் இரு முகங்கள்

1920களில் உருவான தியாகராய நகர் புதிய நகரமைப்புச் சிந்தனையின் முதன்மைச் சான்று. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரால் அது அமைந்தது. அதன் நடுவே பனகல் பூங்கா வைக்கப்பட்டு, உசுமான் சாலை, வெங்கட்நாராயணா சாலை, கோ. நா. செட்டி சாலை முதலியவை அதனை நோக்கி அமைக்கப்பட்டன. பூங்கா ஓரத்தில் ஒதுக்கப்படாமல் தெருக்களின் மையமாகத் திகழ்ந்தமையால், அன்றாடம் அதனைக் கடந்து செல்வோரின் கண்பார்வையில் அது இருந்தது. சுற்றிலும் மாபெரும் வணிகப் பகுதி வளர்ந்த பின்னும் பனகல் பூங்கா நிலைத்திருப்பதற்கு இவ்வமைப்பு ஒரு காரணம் எனக் கருதலாம்.

இதன் மறுபக்கமும் நோக்கத்தக்கது. தியாகராய நகர் எழுந்த நிலம் மாம்பலத்தை ஒட்டி நீண்டு கிடந்த ஏரியின் படுகை. பூங்காவைக் காத்த திட்டமே ஏரியைத் தூர்த்தது. அக்காலத் திட்டமிடுவோர் கண்ணுக்குப் பூங்கா பொதுவெளியாகத் தோன்றியது. ஏரி அவ்வாறு தோன்றவில்லை. நீர்நிலையும் கரையும் படித்துறையும் தமிழ் நகரங்களின் தொன்மையான பொதுவெளிகள் என்பதை மறந்த பூங்காத் திட்டம் அரைகுறையானது. 2015ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்துக்குப் பின் நீர்நிலைகளின் இன்றியமையாமை மீண்டும் உணரப்பட்டது.

7. சட்டக் காப்பும் அதன் இடைவெளியும்

தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் 1959ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. உள்ளாட்சிகள் தம் எல்லைக்குட்பட்ட பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் பட்டியலிட்டு அரசுக்கு அளிக்க வேண்டும் என்பதும், பட்டியலில் உள்ள இடத்தை அரசின் முன்அனுமதியின்றி வேறு பயனுக்கு மாற்றலாகாது என்பதும் அதன் சாரம். வெற்றிடத்தைப் பெயரிட்டுப் பதிவேட்டில் ஏற்றியமை இச்சட்டத்தின் சிறப்பு.

ஆயினும் 'அரசின் முன்அனுமதியின்றி' என்னும் தொடரில் ஓர் இடைவெளி உள்ளது. மக்கள் பூங்காவைச் சுருக்கியவை ஆட்சியமைப்புகளின் முடிவுகளே. காப்பாளரும் மாற்றுபவரும் ஒருவராக இருக்கும்போது காப்பு வலுவிழக்கும். இவ்விடத்தில் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா வழக்கில் 1991ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு முதன்மை பெறுகிறது. பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் அறக்கட்டளையின் மருத்துவமனைக்கு மாற்றிய ஆணை அவ்வழக்கில் செல்லாததாயிற்று. மருத்துவமனையும் பொதுநலன் தானே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுக்கும் உரிமையுடையோர் என்பதும் உறுதியாயிற்று. பொதுநோக்கம் வேறு, பொதுவெளி வேறு என்னும் வேறுபாடு சட்டத்தில் இடம்பெற்ற தருணம் இது.

புதிய மனைப்பிரிவுகளில் குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்டவற்றில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குக் கொடையளிக்கும் விதியும் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் நிலம் ஒதுக்குவது தொடக்கமே. மூலையில், சுற்றுச்சுவருக்குப் பின்னால், நிழலும் இருக்கையும் இன்றி விடப்படும் நிலம் காலப்போக்கில் மீண்டும் 'காலியிடம்' ஆகிவிடும்.

8. தெருவும் பொதுவெளியே

பெரும் பூங்காக்களுக்கு நிலம் அரிதாகிவிட்ட நிலையில் தெருவைப் பொதுவெளியாக மீட்கும் முயற்சிகள் எழுந்துள்ளன. சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டில் மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் முன்னுரிமை தருவது அதன் நோக்கம். 2019ஆம் ஆண்டு நவம்பரில் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. இருக்கைகளும் மரநிழலும் கொண்ட அத்தெருவில் வாங்கும் நோக்கமின்றி அமர்ந்திருப்போரைக் காண முடிகிறது.

அதே தெருவின் முந்தைய வரலாற்றையும் சேர்த்தே காண வேண்டும். நடைபாதை வணிகர்கள் 2013ஆம் ஆண்டில் பல்மாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். மறு ஆண்டில் இயற்றப்பட்ட தெரு வணிகர்கள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம், விற்பனைக் குழுக்கள் வழியே இடம் வரையறுக்கும் முறையைக் கொண்டுவந்தது. பூ விற்போரும் சுண்டல் விற்போரும் தெருவின் தூய்மைக்குத் தடை என்று கருதுவது ஒரு பார்வை. மாலை நேரத்தில் தெருவைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கண்கள் அவர்களுடையவை என்பது மற்றொரு பார்வை. நாளங்காடியை நகரின் நடுவே வைத்த மரபு இரண்டாவதை நோக்கியே வழிகாட்டுகிறது.

நியூயார்க் நகரின் பட்டறிவும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அந்நகரின் 1961ஆம் ஆண்டு விதிகள் கட்டட முன்றிலில் திறந்தவெளி விடுவோருக்குக் கூடுதல் தளப்பரப்பு வழங்கின. பல முன்றில்கள் உருவாயினும் பெரும்பாலானவை வெறுமையாகவே கிடந்தன. வில்லியம் எச். வைட் அவற்றைப் படம்பிடித்து ஆராய்ந்து, அமர வசதி, வெயில், மரம், உணவு, தெருவோடு தொடர்பு ஆகியவையே மக்களை ஈர்க்கின்றன என்று கண்டார். 1975ஆம் ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டு இருக்கைகள் கட்டாயமாக்கப்பட்டன. குளிர்நாட்டில் வெயில் பெற்ற இடத்தைச் சென்னையில் நிழல் பெறும் என்பதே வேறுபாடு. நடந்து கண்டறிதல் என்னும் முறையில் கெட்டிசும் வைட்டும் ஒன்றுபடுகின்றனர்.

9. வரலாறு தரும் வரையறைகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பொதுவெளி வடிவமைப்புக்கு ஐந்து வரையறைகளைப் பெறலாம்.

முதலாவது, பூங்காவின் எல்லை மொத்தமாகப் பதிவாக வேண்டும். எந்த ஒதுக்கீட்டுக் கோரிக்கையும் முந்தைய ஒதுக்கீடுகளின் கூட்டுத்தொகையோடு சேர்த்தே மதிப்பிடப்பட வேண்டும். மக்கள் பூங்காவின் வரலாற்றில் இல்லாமற்போனது இக்கணக்கே.

இரண்டாவது, காரணமின்றித் தங்கும் உரிமை அளவுகோலாக வேண்டும். நுழைவுக்கட்டணம், குறுகிய திறப்பு நேரம், பூட்டிய வாயில் ஆகியவை பொதுவெளியைப் பகுதிப் பொதுவெளியாக்குகின்றன. 2010ஆம் ஆண்டில் சென்னை கதீட்ரல் சாலையில் உணவக நிலம் செம்மொழிப் பூங்காவாக மீண்டமை வரவேற்கத்தக்க திருப்பம். ஆயினும் கட்டணம் செலுத்தி நுழையும் தாவரவியல் பூங்கா, கட்டணமற்ற தெருமுனைப் பூங்காவுக்கு மாற்றாகாது.

மூன்றாவது, அமைவிடம் காப்பாகும். தெருக்களின் நடுவே பலர் கண்ணில் படும் பூங்கா நிலைக்கும். நுழைவும் வெளியேற்றமும் பல திசைகளில் அமைய வேண்டும் என்பதை 1886ஆம் ஆண்டுத் தீ நினைவூட்டுகிறது.

நான்காவது, நீர்நிலைகளையும் கோயிற்குளக் கரைகளையும் பொதுவெளிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அவற்றில் அனைவருக்குமான அணுகல் வரலாற்றுக் கடனாகவும் அமைகிறது.

ஐந்தாவது, பெண்கள், முதியோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தெரு வணிகர்கள் ஆகியோரின் பயன்பாட்டை நேரில் கண்டறிந்த பின்னரே வரைபடம் தீட்டப்பட வேண்டும். விளக்கு, கழிப்பறை, குடிநீர், முதுகுசாயும் இருக்கை, சாய்தளம் ஆகியவை அழகூட்டும் இணைப்புகள் அல்ல. இவை இன்றி ஒரு பெண்ணோ முதியவரோ அவ்விடத்தில் தங்க இயலாது.

முடிவுரை

மக்கள் பூங்கா மறைந்தது பகைவரால் அன்று, நற்பணிகளால். பொதுநன்மையின் பெயரால் பொதுநிலம் சுருங்கக்கூடும் என்பதை அது காட்டுகிறது. கட்டப்படாத நிலத்தை எஞ்சிய நிலமாகக் காணும் மனப்பாங்கு, புறம்போக்கு என்னும் வருவாய்த்துறைச் சொல்லிலிருந்து நகரத் திட்டம் வரை நீள்கிறது. மன்றம், பொதியில், திடல் ஆகிய சொற்களுக்கு அடிப்படையான பயன்வழிப் பார்வை அதற்கு மாற்றாகும். கெட்டிசின் அறிக்கைகளும் 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அம்மாற்றுக்கு வலுச்சேர்க்கின்றன.

இத்தகைய ஆய்வு சென்னையோடு அமையாது, மதுரை, கோவை, திருச்சி, திருநெல்வேலி போன்ற நகரங்களின் திடல்கள், குளங்கள், பூங்காக்கள் குறித்தும் விரிவடைய வேண்டும். நகராட்சித் தீர்மானங்கள், நில அளவைப் படங்கள், வாய்மொழி வழக்காறுகள் ஆகியவற்றை இணைத்து ஒவ்வொரு நகரத்துக்கும் 'கட்டப்படா நிலங்களின் வரலாறு' எழுதப்படுமாயின், எஞ்சியிருக்கும் பொதுவெளிகளின்மீது அடுத்த ஒதுக்கீட்டுக் கோரிக்கை எழும்போது, அங்கு ஏற்கெனவே இழக்கப்பட்டது எவ்வளவு என்பதற்குச் சான்று கையில் இருக்கும்.